மூன்றாவது ஆள்

ஆன்னெக்ரெட் லோசெ,
நான்கு பேர் அஞ்சலோட்டத்தில் மூன்றாவது ஆள்.
பதினொரு வருடம்.
இப்போது துவாஸில்
கப்பல்களின் அடிவயிற்றுச் சாயத்தைச் சோதிக்கிறாள்.
செவ்வாயும் வெள்ளியும் தோ பாயோ அரங்கத்துக்கு
முழங்கையில் சிவப்புத் துகளோடு வருவாள்.

என்னை எசிலி என்பாள்.
ழகரத்துக்கு அவள் நாக்கு மடங்காது.
அவள் பெயரின் ரகரத்தைத்
தொண்டையிலிருந்து எடுக்க எனக்கும் வராது.
கணக்கு நேர்.

நான் நகர மன்றத்தில்
நின்றுபோன மின்தூக்கிகளைப் பதிவு செய்பவள்.
நாற்பத்தெட்டில் ஓடத் தொடங்கியவளைக்
கடைசி ஆளாக்கினார்கள்.
வேகத்துக்காக இல்லை,
என் இடது முட்டி வளைவுக்கு ஒத்துவராது.
சியூ பெங் தொடங்குவாள். நோர்லைலா வாங்குவாள்.
பிறகு வளைவு முழுவதும் ஆன்னெக்ரெட்.
பிறகு நான்.

'ஹெப்' என்பாள்.
என் இடது கை பின்னால் விரியும்.
அலுவலகத்தில் யாராவது இருமினாலும்
இப்போது விரிகிறது.

தன் கதையை அவள் சேர்த்துச் சொன்னதே இல்லை.
லோரோங் எட்டு உணவங்காடியில்
கோப்பி ஓ ஆறும்வரை கொஞ்சம்,
பேருந்து வரும்வரை கொஞ்சம்.
ஓடிக்கொண்டிருந்தபோதே ஊரின் பெயர் மாறியதாம்.
சட்டையில் நாட்டின் பெயரும்.
மன்றத்தில் சம்பளம் நின்றது,
பயிற்சியாளர் காப்பீடு விற்கப் போனார்,
வளைவு மட்டும் அதே வளைவு.
ஒரு பெரிய போட்டியில் தகுதிச் சுற்று ஓடினாள்.
இறுதிச் சுற்றுக்கு அவள் இடத்தில்
பத்தொன்பது வயதுப் பெண்.
மூன்றாவதாக வந்தார்கள்.
அஞ்சலோட்டப் பதக்கம்
ஆறு வாரம் கழித்து அஞ்சலில் வந்தது.
பக்கத்து வீட்டுக்காரர்
கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்திருந்தார்.

படங்கள் காட்டினாள்.
எல்லாம் முடிவுக் கோட்டில் எடுத்தவை.
அவளைத் தேடவேண்டும்:
நூறு மீட்டர் பின்னால்,
இடுப்பில் வெறுங்கை,
யாரோ ஒருத்தியின் முதுகைப் பார்த்தபடி
நகம் அளவு உருவம்.

கோட்டை ஒருமுறைகூடத் தாண்டவில்லையா
என்று நான் முகம் வாடினேன்.
'தாண்டுகிறவளைத்தான்
மருந்துச் சோதனைக்கு முதலில் பிடிப்பார்கள்.
மூன்று மணிநேரம் தண்ணீர் குடிக்கவேண்டும்'
என்று மிச்சக் கோப்பியைக் குடித்தாள்.

மூத்தோர் போட்டி, ஜூலை சனிக்கிழமை.
காற்று ஈரத்துணியாய் முகத்தில்.
இருபத்திரண்டு காலடி அளந்து
நானே ஒட்டிய வெள்ளை நாடா.
அவள் அதைத் தொடும்போது நான் கிளம்பவேண்டும்,
திரும்பிப் பார்க்கக் கூடாது.

தொட்டாள்.
கிளம்பினேன்.
முதுகுக்குப் பின்னால் ஐம்பத்தைந்து வயது
கப்பல்போல் மூச்சுவிட்டு நெருங்கியது.
'ஹெப்.'
கையை விரித்தேன்.

விழுந்தது சங்கொலி.
மின்னல் எச்சரிக்கை விளக்கு சிவப்பு.
எட்டுத் தடங்களிலும் பெண்கள்
கோழிக்குஞ்சுகளாய்க் கூரைக்கு ஓடினார்கள்,
கோலோடும் கோல் இல்லாமலும்.
என் உள்ளங்கையில்
முதல் சொட்டு மழை.

எழிலி என்றால் மேகம்.
அதை அவளிடம் நான் சொன்னதில்லை.
அன்றைக்குச் சொல்ல வாயும் வரவில்லை.

கூரையடியில் நோர்லைலா
பெங்கின் கணுக்காலுக்குப் பனிக்கட்டி கட்டினாள்.
ஒலிபெருக்கி நான்கு மொழிகளில் மன்னிப்புக் கேட்டது.
மறு ஓட்டம் கிடையாது,
அரங்கத்தை ஆறு மணிக்குப்
பந்து விளையாடுகிறவர்களுக்கு விடவேண்டும்.
பட்டியலில் எங்கள் பெயருக்கு நேரே
சின்னதாய் ஒரு கோடு.

ஆன்னெக்ரெட் இன்னும் கோலைப் பிடித்திருந்தாள்,
வலது கையில், பாதிக்கு மேலே,
கொடுக்கிற பிடியில்.
வாங்கிக்கொள்ளலாமா என்று கை நீட்டினேன்.
தரவில்லை.

'அரைக் காலடி முன்பே கிளம்பிவிட்டாய்' என்றாள்.
'சங்கு ஊதாவிட்டால்
உன்னைப் பிடித்திருக்கவே மாட்டேன்.
செவ்வாய்க்கிழமை புது நாடா கொண்டு வா.'