கண்தான் பாக்கி

ஏழு கலியாணக் காசு, சீட்டுப் பணம்,
ராத்தா தந்த பதினையாயிரம்.
அக்கரைப்பற்றில் பஸ் ஏறி
நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது
தாண்டுமுன் மூன்று தரம் எண்ணிவிட்டேன்.
கூடவுமில்லை.

பொடி எதுவென்று முடிவாகிவிட்டது.
கண்தான் பாக்கி.

கல்முனையில் குகேந்திரன் கடை. ஏசி வேலை செய்யாது.
"பழைய லென்ஸை மறந்துடுங்க தங்கச்சி,
இதுக்கு வாய் வேற."
நடுவில் ஒரு வளையம் போட்டால் பொருந்துமாம்;
வளையத்தின் விலைக்கு
என் பழைய கமராவையே விற்றிருக்கிறேன்.

எழுபது – இருநூறை மேசையில் வைக்கிறார்.
மூன்று மாதப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கினேன்.
தெருவுக்கு அப்பால் மருந்துக்கடைப் படியில்
ஒருத்தி சின்னவிரலால் காது குடைந்துகொண்டிருந்தாள்.
அவள் நகத்தில் உரிந்த சாயம்வரை தெரிந்தது.
அவளுக்குத் தெரியாது.
உடனே கீழே வைத்துவிட்டேன்.

"அப்ப எண்பத்தைந்து எடுங்க.
பின்னால எல்லாம் பஞ்சாப் போகும்."
பின்னால்தானே எல்லாரும் இருக்கிறார்கள்,
சஹனுக்கு ஆள் சேர்த்துக் கையாட்டும் சாச்சி,
காலைப் பிடித்துக்கொண்டு இருக்க இடம் தேடும் மாமி.
அடுத்த கலியாணத்துக்கு என் பெயரைச் சொல்வதும் அவர்கள்தான்.
பஞ்சாக்கினால் எப்படி?

"உங்கட படம் ரெண்டு காட்டுங்க, பார்த்துச் சொல்றன்."

காட்ட ஒன்றுமில்லை.
நான் நிற்பது பெண்கள் பகுதி, திரைக்கு இப்பால்.
வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளி,
அதற்குள் எல்லாருடைய போனும்.
உள்ளே படம் பிடிக்கிற ஒரே ஆள் நான்.
இரவு பதினொன்றுக்குக் கார்டைக் கழற்றி
பொண்ணின் உம்மா கையில் வைத்து
விரல்களை மூடிவிட்டு வருவேன்.
ஆறு வருஷம்.
எடுத்த முகம் ஒன்றுகூட என் வீட்டில் இல்லை.

இருந்ததைக் காட்டினேன்:
மழையில் நனைந்த செருப்புக் குவியல்.
வட்டிலப்பம் வழித்த கிண்ணம்.
மருதோன்றி காயும்வரை காற்றில் நிறுத்திய
முகமில்லாத இரண்டு கைகள்
(அந்தப் பிள்ளையிடம் கேட்டுத்தான் வைத்திருக்கிறேன்).

கைகளில் அவர் கொஞ்சம் நின்றார்.
"நீங்க கிட்டப் போற ஆள்."
முப்பத்தைந்தைத் துடைத்து நீட்டினார்.

சின்னது. தூரத்தில் நின்றால் ஒன்றும் தராது.
கிட்டப் போனால் அவர்களும் என்னைக் காண்பார்கள்,
"இப்ப வேணாம் கா, முந்தானை சரியில்ல" என்று
உள்ளங்கையால் கண்ணாடியை மறைக்கலாம்.
அந்தக் கை எட்டவேண்டும்.
அவ்வளவுதான் எனக்கு வேண்டிய தூரம்.

மறுகா சில்லறைச் சாமான்.
பற்றரி இன்னொன்று, கட்டாயம்.
பிளாஷ் வேண்டாம், மடியில் பிள்ளைகள் உறங்கும்.
ஈரம் உறிஞ்சும் பொட்டலம் பத்து:
போன மாரியில் பழைய லென்ஸுக்குள்
பூஞ்சணம் சிலந்திக் காலாய்ப் படர்ந்து
ஒரு மாப்பிள்ளை வீட்டாரையே மூடுபனிக்குள் அனுப்பியது.
தோல் வார் அழகுதான். மூவாயிரத்து இருநூறு.
மறுபடி கொளுவிவிட்டேன்.

"இதில ரெண்டு கார்டு போடலாம்.
ஒண்டு செத்தாலும் மத்ததில எல்லாம் இருக்கும்."

எல்லா முகமும். எனக்கென்று ஒரு பிரதி.
ஒருவரும் கேட்கமாட்டார்கள்,
கேட்கத் தெரியாது.
குகேந்திரன் பில் எழுதக் குனிந்திருந்தார்.
மின்விசிறி தலையை அந்தப் பக்கம் திருப்பியது.

"ரெண்டும் தாங்க" என்றேன்.
"ரெண்டையும் குடுத்துரத்தான்."
அவருக்கு விளங்கவில்லை. தள்ளுபடி கேட்கிறேன் என்று நினைத்து
நூறு ரூபாய் குறைத்தார்.

பஸ்ஸில் காரைதீவில் ஏறியவள் பக்கத்தில் இருந்தாள்.
மடியில் பெட்டியைக் கண்டு
"என்னைப் பிடிச்சிராத புள்ள" என்று சிரித்தாள்.
முதல் படம்
அவள் பையிலிருந்து தலை நீட்டிய கீரைக்கட்டு.
கேட்டுத்தான் எடுத்தேன்.
கொஞ்சம் ஆடிவிட்டது.