கண்ட விலங்குகள்

நெடுங்கேணி தாண்டி மூன்றாவது மதகடியில்
பலகை நிற்கிறது:
வேட்டை, வனவள அருங்காட்சியகம்.
இயற்கை நடைபாதை தொள்ளாயிரம் மீற்றர்.
திங்கள் பூட்டு.
நாங்கள் போனது செவ்வாய்.

ரிக்கற் ஐம்பது ரூபாய். கிழித்துத் தந்தவளே
சாவியை எடுத்து, செருப்பை மாட்டி,
வழிகாட்டியாகவும் வந்தாள்.
சட்டையில் பெயர் குத்தியிருந்தது: இ. எழில்விழி.

உள்ளே முதலில் ஒரு மரை.
பொய்க்கண் ஒன்று எங்களையும்
மற்றது மின்விசிறியையும் பார்த்தது.
வயிற்றுத் தையலில் தும்பு பிதுங்கி நிற்க
றெஜினோல்ட் அண்ணை கிட்டப் போய் மூச்சிழுத்தார்.
“தேனுக்குள்ள போட்ட வத்தல் ஞாபகம் வருது.”
எனக்கும் வாய் ஊறியது.
நான் யாருக்கும் சொல்லவில்லை.

அடுத்தது கண்ணாடிப் பெட்டி:
குழல் துருவேறிய இடியன் துவக்கு,
மருந்து கொட்டும் மாட்டுக்கொம்பு,
கட்டுத்துவக்கு ஒன்று, அதன் இழுகயிறு மட்டும் புதிது.
சுருக்குக் கம்பிகள் ஏழு, வரிசையாய்.
கீழே தட்டச்சில்:
“முற்காலத்தில் பாவிக்கப்பட்டவை.”

மூலையில் பாலைமரக் குறுக்குவெட்டு,
வண்டிச் சில்லளவு.
வளையங்களில் குண்டூசி குத்தி ஆண்டெழுதியிருந்தார்கள்.
வெளிவட்டத்துக்குக் கிட்ட, ஊசி இல்லாத இடத்தில்,
விரல் நகம் போலொரு இரும்பு.
“வாளின்ர பல்லு மூண்டு உடைஞ்சு போச்சு.
அதாலதான் ஆலைக்காரர் எங்களுக்குத் தந்தவை.”
அவ்வளவுதான் சொன்னாள்.
மரம் அதைச் சுற்றியும் வளர்ந்திருந்தது,
கொஞ்சம் கறுத்து.

பின்கதவைத் திறந்தால் காடு.

இலக்கமிட்ட முளைகள். ஒன்று வீரை, இரண்டு முதிரை,
மூன்று கருங்காலி, அதில் யாரோ
இதயம் கீறி அம்பும் விட்டிருந்தார்கள்.
ஐந்தாம் முளையை ஆனை பிடுங்கியதாம்.
நட நட, மூன்று தரம்.
“அந்த மரத்தோட அதுக்கு ஏதோ கோவம்.”
“இலக்கத்தோடயாக்கும்” என்றார் அண்ணை.
உலுவிந்தை நிழலில் லத்தி கிடந்தது, இன்னும் ஈரம்.
அதற்குப் பிறகு மெதுவாகப் பேசினோம்.

எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில், பாதை வளையுமிடத்தில்,
கையை நீட்டி எங்களை மறித்தாள்.
நான் மரங்களுக்கிடையில் ஆனையைத் தேடினேன்.
அண்ணை காலுக்குக் கீழே பார்த்தார்.
நாலு வருசம் மிதிவெடி அகற்றியவர்,
இப்போதும் புல்லைக் கண்டால் நின்று யோசிப்பவர்.

கம்பி.
மோட்டார் சைக்கிள் கிளச் கம்பி,
எண்ணெய்ப் பசை போகாதது,
மிருகச் சுவட்டின் குறுக்கே
முழங்கால் உயரத்தில் வட்டமாய்.
நேற்று. இல்லாவிட்டால் முந்தநாள்.

குந்தியிருந்து அவிழ்த்தாள்.
இடுப்பில் கத்தி இருந்தது, வெட்டவில்லை.
இரண்டு சுற்று, உள்ளால் ஓர் இழுவை,
பிறகு பின்பக்கமாய் ஒரு முறுக்கு.
விரல்கள் பார்க்காமலே போய்வந்தன,
தன் தலைமயிரைத் தானே பின்னுகிறவள் போல.
“இதையும் பெட்டிக்குள்ள வைப்பீங்களோ?”
அண்ணை கேட்டார்.
கம்பியைச் சுருட்டிக் கைப்பையில் வைத்து
சிப்பை இழுத்தாள்.
“இது வீட்டை கொண்டுபோக வேணும்.”

ஒன்பதாம் மரம் என்ன மரம் என்று
அவள் சொல்லவுமில்லை, நாங்கள் கேட்கவுமில்லை.

வாசலில் வருகைப் புத்தகம்.
பெயர், ஊர், கண்ட விலங்குகள்.
மேலே யாரோ: மயில் 4, குரங்கு நிறைய,
ஆனை (சத்தம் மட்டும்).
பள்ளிக்கூடப் பிள்ளையொன்று: சிங்கம்.
அண்ணை பெயரை எழுதினார், ஊரை எழுதினார்,
பேனையை என்னிடம் நீட்டினார்.
அவள் மேசைக்கு அங்கால் நின்று
ரிக்கற் கட்டை எண்ணிக்கொண்டிருந்தாள்,
எண்ணியதையே திரும்பவும்.

மரைக்கன்று 1, என்று எழுதினேன்.

“கண்டனீங்களோ?” தலை நிமிர்ந்தாள்.
“கம்பிக்கு அங்கால” என்றேன்.
“உயிரோட.”

புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி
ஒருமுறை வாசித்தாள்.
பிறகு திகதி போட்டு, நேரம் போட்டு,
ஒப்பமும் வைத்தாள்.