எர்த்

மூன்றாம் தரமும் கழற்றிப் பூட்டினேன்.
விசிறி சுழல்கிறது, விளக்கு எரிகிறது,
திரை மட்டும் அமாவாசை.
ஸ்ரான்லி வீதியில் பாதி விலைக்கு வாங்கிய
கிராபிக்ஸ் காட்டை வேண்டியமட்டும் திட்டியாயிற்று.
பிழை றாமில் இருந்தது.
அழிறப்பரால் அதன் பொன்பல்லைத் தேய்த்துப்
பக்கத்துக் குழியில் அழுத்த,
ஒரு சின்னக் கீச்.
படம் வந்தது.

சந்தோசத்தில் பெட்டியைத் தட்டிக்கொடுத்தேன்.
விரலுக்குள் கட்டெறும்பு.

"உன்ர வீட்டில எர்த் இல்லையோ?" என்றான்
வவுனியாவில் ஹெட்செற்றோடு
பின்னேரம் தொட்டுக் காத்திருந்த சாரங்கன்.

எர்த் இருந்தது.
கோடிப்புறத்தில், கல்லுக்குள் இறங்கிய செப்புக்கம்பி.
ஆவணி வெயிலில் கொக்குவில் நிலம்
ஒரு சொட்டு ஈரமும் மிச்சம் வைக்கவில்லை.
இரண்டு வாளி தண்ணீர்,
ஒரு சிரங்கை உப்பு.
மதிலுக்கு மேலால் தேவமலரக்கா:
"கம்பிக்கோ தண்ணி வாக்கிறாய், நிருத்திகா?
முளைக்குமெண்டோ?"

புறங்கையால் தொட்டுப் பார்த்தேன்.
பெட்டி சாதுவாக இருந்தது.

கதவைச் சாத்தி விளையாட்டைத் திறந்தேன்.
அங்கே அடைமழை.
தகரத்தில், இலையில், என் தலைக்கவசத்தில்.
ஒரு துளிகூடத் தடக்கவில்லை.
"ஓடு, ஓடு" என்று சாரங்கன் கத்தக் கத்த
நனைந்தபடி நின்று பார்த்ததில்
முதல் அம்பிலேயே செத்துப்போனேன்.