எண்பத்தாறாயிரத்துச் சொச்சம்

வியாழக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும்.
சொல்லாவிட்டால் ஐயாயிரத்துத் தொள்ளாயிரத்தைக்
கார்டு தானாகவே எடுத்துக்கொள்ளும்:
ஐயாயிரம் ஆண்டுக் கட்டணம், மிச்சம் வரி.

கீழக்கரை மொட்டை மாடி.
காயும் துணிகளுக்கு நடுவே நின்று
கணக்குப் பார்க்கிறேன்.
உப்புக் காற்றில் செல்போன் திரை பிசுபிசுக்கிறது.
ஏழைத் தொட்டால் இரண்டு ஏழு விழுகிறது,
ஒரு நொடி பணக்காரியாகி
அழித்துவிட்டு மறுபடி தொடங்குகிறேன்.

எண்பத்தாறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பாயிண்ட்.
வேதியியல் டீச்சர் சம்பளத்தில் இவ்வளவு சேராது.
தெரு சேர்த்துக் கொடுத்தது.
"உங்க கார்டுல போடுங்க டீச்சர்,
கையில தந்திடுறேன்."
அப்படி வந்தது ஹமீதா லாத்தாவின் வாஷிங்மெஷின்.
அப்படித்தான் ஜுலைகா மாமியின் கண் ஆபரேஷன்,
ஒரு கண் மட்டும்;
மறு கண் நோன்புப் பெருநாளுக்குப் பிறகு.
படகு டீசலுக்குக் கேட்டு வந்த பிலவேந்திரனிடம்
எரிபொருளுக்குப் பாயிண்ட் கிடையாது என்றேன்.
"பின்ன எதுக்கு டீச்சர் அதுல
ஏரோப்ளேன் படம்?" என்றார்.

எல்லாரும் தந்துவிட்டார்கள்.
ராவியத்து மட்டும் தம்பிக்கு வாங்கிய போனுக்கு
இரண்டு மாதம் இழுத்தாள்.
பாயிண்ட் முந்நூற்று அறுபது,
வட்டி ஆயிரத்து நானூற்றுச் சொச்சம்.
இதையும் இந்தக் கணக்கில்தான் எழுத வேண்டும்,
எழுதாமல் விட்டால் கார்டு நல்ல கார்டாகத் தெரியும்.

போன மாதம் ஒரு மின்னஞ்சல்.
"உங்கள் பயண அனுபவத்தை மேலும் செழுமையாக்க"
என்று ஆரம்பித்தபோதே வயிற்றைப் பிசைந்தது.
ஒரு பாயிண்ட் ஒரு ரூபாயாக இருந்தது,
இனி நாற்பது பைசா.
விமான நிலைய ஓய்வறை இலவசம்தான்,
மூன்று மாதத்தில் முக்கால் லட்சம் செலவழித்திருந்தால்.
அந்த ஓய்வறையை நான் பார்த்ததே இல்லை.
பார்க்காத சோபாவிலிருந்து
எழுப்பிவிட்ட மாதிரி இருந்தது.

இந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் விமானம் ஏறியவர்.
துபாய், தோஹா, ஜித்தா, புருனே.
வேலைக்குப் போனார்கள், கடமைக்குப் போனார்கள்,
மையித்து முகம் பார்க்க அவசரமாகத் திரும்பினார்கள்.
சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று
ஒருவர் போனதாக எனக்குத் தெரியாது.
ஐந்து வருடமாக நான் சேர்த்தது
அந்தச் 'சும்மா'வைத்தான்.

முதலில் இஸ்தான்புல் என்று வைத்திருந்தேன்.
பிறகு கோலாலம்பூர்.
நாற்பது பைசாவில் பெருக்கினால் கொழும்பு வருகிறது.

கொழும்பு!
இந்த மாடியிலிருந்து கைநீட்டும் திசையில் இருக்கிறது.
அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு
மதுரைக்கு மூன்று மணி நேரம் போய்,
வண்டிக்கு மூவாயிரத்து ஐந்நூறு அழுது,
அங்கே ஏறி
இதே கடல்மேல் திரும்பி வர வேண்டும்.
மேகம் இல்லையென்றால்
இந்தத் துணிகள்கூடத் தெரியலாம்.

முப்பத்து நாலாயிரத்து ஐந்நூற்று அறுபத்து நாலு ரூபாய் எண்பது பைசா.
போக வர இரண்டு பேருக்கு வருகிறது.
ஒருத்தி போனால் பாதி வீண்.

வாடிக்கையாளர் சேவையை அழைத்தேன்.
ஏழு நிமிடம் புல்லாங்குழல்.
பிறகு நவநீதன் என்றொரு குரல்:
"ரத்து பண்ணக் காரணம் தெரிஞ்சுக்கலாமா மேடம்?
கட்டணத்துல பாதி குறைக்க
எனக்கு அனுமதி இருக்கு."
பாதி.
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது.
மறுபடி முதலிலிருந்து பெருக்க வேண்டும்.

அப்போதுதான் ஹமீதா லாத்தா மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.
நேற்று வாய்தவறி அவரிடம் சொல்லியிருந்தேன்.
பிளாஸ்டிக் உறைக்குள் பாஸ்போர்ட்,
உள்ளே ஒரு முத்திரை இல்லை,
பக்கங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன.
"அதுல ஐந்நூற்று அறுபது பாயிண்ட் என்னுது,
ஞாபகம் இருக்கா?"

புரட்டினேன். போன ஜூலையோடு முடிந்திருந்தது.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?"

"புதுப்பிக்க ஆயிரத்து ஐந்நூறாமே," என்றார் லாத்தா.
"உங்க கார்டுல போடுங்க டீச்சர்,
கையில தந்திடுறேன்."

முப்பது பாயிண்ட்.