சிவப்பு இருட்டு

எறும்புகளுக்குச் சிவப்பு தெரியாது.
கடைக்காரர் சொன்னது அவ்வளவுதான்,
கூடவே ஒரு முழம் சிவப்புத் தாள், இரண்டு யூரோ.
கண்ணாடிக் குழாய்மேல் சுற்றினேன்.
அவர்களுக்கு நள்ளிரவு.
எனக்கு இறைச்சிக்கடை ஜன்னல் மாதிரி ஒரு வெளிச்சம்.

ராணியைப் பிடித்தது போன ஜூனில்,
ஔலு மருத்துவமனை வாகன நிறுத்தத்தில்,
இரவுப் பணி நடுவே நாலரை மணிக்குக்
காற்று வாங்க வந்தபோது.
இரவு என்பது சும்மா வாய்ப்பழக்கம். சூரியன்
கூரைக்கு மேல் ஒரு சாண் ஏறி நின்றிருந்தது.
சிறகுகளைத் தானே கழற்றிப் போட்டுவிட்டு
சக்கரத் தடத்தில் இருட்டு தேடிக்கொண்டிருந்தாள்.
மாத்திரைப் புட்டியில் விட்டு மூடினேன்.

நான் எக்ஸ்ரே எடுப்பவள்.
மூச்சை இழுத்துப் பிடியுங்கள், அசையாதீர்கள்,
இப்போது விடலாம்.
ஒரு ராத்திரிக்கு நாற்பது தடவை.
ஆளை ஊடுருவிப் போகிற ஒளி அது,
யாரும் எதையும் தூக்கிக்கொண்டு ஓடியதில்லை.

எஸ்கோ ஒருநாள் தாளை விலக்கி விளக்கைப் போட்டான்,
உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது என்று.
ஆறு பேர் அப்போது. ஆறு பேரும்
ஆளுக்கொரு புழுவைக் கவ்விக்கொண்டு
ஈரப்பஞ்சு இருக்கும் கோடிக்கு ஓடினார்கள்.
அங்கேயும் வெளிச்சம்.
திரும்ப இந்தக் கோடிக்கு.
ராணி ஒரு முட்டையைத் தின்றாள்.
"அணைச்சிட்டேன், அணைச்சிட்டேன்" என்றான்
இரண்டு கையையும் தூக்கியபடி.

குளிர்காலம் முழுக்கக் குளிர்பெட்டியில், வெண்ணெய்த் தட்டில்.
பாலுக்காக அவன் கதவைத் திறக்கும்போதெல்லாம்
உள்ளே ஒரு மஞ்சள் விடியல்,
மூடினால் அஸ்தமனம்.
ஒரு நாளைக்குப் பதினோரு பகல் அவர்களுக்கு.
வெளியே எங்களுக்கு டிசம்பரில்
முழுசாக ஒன்றுகூட இல்லை.
குளிரில் யாரும் ஓடவில்லை.
யாரோ ஒருத்தியின் கால் மட்டும்
மெல்ல மடங்கி, மெல்ல நிமிரும்.

மார்ச்சில் முடிவு செய்தேன்: பழகட்டும்.
வாரம் ஒரு விரற்கடை தாளை வெட்டினேன்.
எறும்பு ஊரக் கல் தேயும்.
வெளிச்சம் ஊர எறும்பு தேயுமா?
முதல் வாரம் வெட்டுக்கோட்டில் வந்து நின்றார்கள்,
ஆற்றங்கரையில் நிற்பவர்கள்போல
உணர்கொம்பை மட்டும் நனைத்துக்கொண்டு.
மூன்றாம் வாரம் ஒருத்தி கடந்தாள், தேன் துளிக்காக.
ஐந்தாம் வாரம் தேன் இல்லாமலும்.
மே மாதம் தாளே இல்லை.
விளக்கைப் போட்டால் திரும்பிப் பார்க்க ஆளில்லை,
புழுக்கள் பட்டவர்த்தனமாக நடுவில் கிடக்கின்றன.
எஸ்கோ கைதட்டினான்.

ஒருத்தியைத் தவிர.
வலது கொம்பு பாதியில் மடிந்தவள்.
சுவிட்ச் சொடுக்கும் ஒவ்வொரு முறையும்
ஒரே ஒரு கூட்டுப்புழுவைத் தூக்குகிறாள்.
தாள் கடைசியாக இருந்த மூலைக்குக் கொண்டுபோகிறாள்.
இருட்டு போய்விட்டது, அது இருந்த இடம் இருக்கிறது.
வைக்கிறாள். சற்று நிற்கிறாள்.
வேறொருத்தி வந்து திரும்ப எடுத்துப் போகிறாள்,
கடிந்துகொள்ளாமல்.

நேற்று ராத்திரி ஒரு தாய்,
மணிக்கட்டு முறிந்த பையனோடு.
ஈய அங்கி மாட்டிவிட்டு, அவனை அசையாமல் பிடிக்கச் சொன்னேன்.
இயந்திரம் முனகியதும்
அவன் கண்களைப் பொத்தினாள்.
"கண்ணுக்கு ஒன்றும் தெரியாதும்மா, மூட வேண்டாம்" என்றேன்.
"தெரியும்" என்றாள்.
அடுத்த படத்துக்கும் பொத்தினாள்.

விடிந்து வீட்டுக்கு வந்து
நகத்தளவு சிவப்புத் தாள் கத்தரித்தேன்.
இன்னும் ஒட்டவில்லை, பணியங்கிப் பையில் கிடக்கிறது.
மறுபடி ஜூன். சமையலறை முழுக்க வெயில்.
சும்மா சுவிட்சைத் தட்டினேன்.
பல்பு எரிந்ததா இல்லையா,
இவ்வளவு வெளிச்சத்தில் எனக்கே பிடிபடவில்லை.
அவள் கிளம்பிவிட்டாள்.