ஏழு நாள் வரைக்கும்

கொரடாச்சேரி கொள்முதல் நிலையம்.
வரிசையில் பதினொன்றாவதாக எங்கள் நெல்.
சீட்டு வாங்கி ஐந்து நாள்.

வைரக்கண்ணு போனில்
போன செவ்வாய்க்கிழமைச் செய்தியைத்
தேடி எடுத்து என் பக்கம் திருப்புகிறான்.
ஊதாப் புடவைக்காரி சிரித்தபடி
டெல்டா மாவட்டங்களில்
வறண்ட வானிலையே நிலவும் என்கிறாள்.

தார்ப்பாய்மேல் மழை சடசடக்கிறது.
பின்னுக்கு இழுத்து
சத்தத்தைக் கூட்டி
மறுபடி போடுகிறான்.
வறண்ட வானிலை.

அறுத்துடலாம்ண்ணே, மிஷின் வந்திருக்கு என்று
அன்றைக்குச் சொன்னது அவன்தான்.
நான் இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஏழு நாள்தான் வைத்திருப்பானாம்,
இன்று ராத்திரியோடு போய்விடுமாம்.
சார்ஜ் நாலு சதவீதம்.

ஓரத்து நெல்லுக்குள் கையை விட்டேன்.
சூடாக இருந்தது.
வெள்ளையாய் முளை, நகத்தில் ஒட்டிக்கொண்டு.

கையை லுங்கியில் துடைத்துவிட்டு
இன்னொரு தரம் போடுடா என்றேன்.