வாங்குதல்

நண்டு கம்பெனி நோட்டில்
நான் எழுதுவது "கொள்முதல்".
எமல்டா கேட்பது, "வாங்கிக்கிட்டீகளா?"
சீட்டில் அவள் கையெழுத்துக்கு மேலே
அச்சடித்திருப்பது "பெற்றுக்கொண்டேன்".

பெறக் கை நீட்டினால் போதும்.
கொள்ளப் பாத்திரம் வேண்டும்.
வாங்கத்தான்
கொஞ்சம் வளைய வேண்டியிருக்கிறது,
வில்லை வாங்குவது என்றால்
வளைப்பதாம், பழைய அகராதியில்.

செவ்வாய்க்கிழமை பாம்பன் வடகடல்
உள்வாங்கிக் கிடந்தது.
இருநூறு அடிக்குச் சேறு,
வெயிலில் நாறும் பாசி,
விலா தெரியச் சாய்ந்த ஏழெட்டு வத்தைகள்.
தராசில் ஒரு கூடை ஏறவில்லை.

எமல்டா வெறுங்கையோடு வந்து
சுவரோரம் மூச்சு வாங்கினாள்.
"இன்னும் ரெண்டாயிரம்.
முன்னாடி வாங்குனதோட சேத்து எழுதிக்கங்க."
எழுதினேன்: பதினோராயிரம்.
கடலுக்கு இந்த நோட்டில் பக்கமில்லை.

முதலாளி பணத்தோடு வர
மணி நாலரை.
அதற்குள் தண்ணீர் ஏறி
வத்தைகளைத் தூக்கி நிறுத்தியிருந்தது.
எமல்டா ஜன்னல் வழியே பார்த்தாள்.
"இந்தக் கரையில
வாங்குனத அன்னைக்கே திருப்பிக் குடுக்குற ஆளு
அது ஒண்ணுதான் சார்."

சொல்லிவிட்டு
பெற்றுக்கொண்டேனுக்குக் கீழே
தன் பெயரை எழுதினாள்,
கடைசி "டா"வின் காலைக் கட்டத்துக்கு வெளியே
இழுத்து விட்டு.